லைனை நிறுத்தாமல்

இப்போதெல்லாம் ஆளாளுக்கு 'பாத்துக்கோங்க' என்கிறார்கள். போனை வைக்கும்போது பாத்துக்கோங்க. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாத்துக்கோங்க. மருந்துக் கடைக்காரன் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அவனும் பாத்துக்கோங்க. எதைப் பார்ப்பது, எந்தப் பக்கம் பார்ப்பது, ஒருத்தனும் சொல்வதில்லை. வாயால் சொல்லியாகிவிட்டது, அவன் வேலை முடிந்தது. அதற்கப்புறம் ஏதாவது ஆனால் நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை. நான் அஞ்சாம் வகுப்பு தாண்டாதவன். ஆனால் இந்த வார்த்தை ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று எட்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். அந்த மனுஷன் என் தங்கை புருஷன்.

நாங்கள் இரண்டு பேரும் கரண்ட் வேலை பார்த்தது பிளாஸ்டிக் தாள் ஓட்டும் கம்பெனியில். மணி மணியாக மூட்டையில் வரும் பிளாஸ்டிக்கை உருக்கி, நீளமான இரும்புப் பீப்பாய்க்குள் திருகித் தள்ளி, மறுமுனையில் மெல்லிசுத் தாளாக இழுக்கிற மெஷின். அதை லைன் என்பார்கள். மொத்தம் மூன்று லைன். பீப்பாயைச் சுற்றி ஹீட்டர் இருக்கும். அதற்குக் கரண்ட் நின்றால் அரை மணி தாங்கும். அதற்கு மேல் போனால் உள்ளே இருப்பது கல்லாகிவிடும். பிறகு நாலு பேர் உட்கார்ந்து இரண்டு நாள் சுரண்ட வேண்டும். அதனால் அந்தக் கம்பெனியில் எவன் செத்தாலும் லைன் நிற்கக் கூடாது. இது நான் கோபத்தில் சொல்வது இல்லை. மேனேஜரே ஒரு முறை சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

தங்கை புருஷனை எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், நீளக் கழுத்து, அதைவிட நீளமான கை. பேனலுக்குள் எங்கே எந்தப் போல்ட் இருந்தாலும் அவன் கை போய்விடும். வயது ஐம்பத்தொன்று. எனக்கு அறுபத்து மூன்று. நான் ரிட்டயர் ஆகி, மறுபடி காண்ட்ராக்டில் உள்ளே வந்தவன். வருஷத்துக்கு ஒரு தடவை காகிதத்தைப் புதுப்பிப்பார்கள்.

இப்போது ஒரு தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரண்ட் ரூமில் பீரோ மாதிரி வரிசையாகப் பேனல்கள் நிற்கும். ஒவ்வொரு கதவிலும் ஒரு ஸ்விட்ச். ஸ்விட்ச் ஆனில் இருந்தால் கதவு திறக்காது. உள்ளே ஒரு சின்ன இரும்பு நாக்கு கதவைக் கவ்விக்கொண்டிருக்கும். கரண்டை அணைத்தால்தான் விடும். செய்தவன் புத்திசாலி. ஆனால் அவன் எங்கள் சூப்பர்வைசரைப் பார்த்ததில்லை. அணைத்தால் லைன் நிற்கும், நின்றால் சத்தம் போடுவான். அதனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரும்பு அறுக்கிற ஒரு உடைந்த ஆக்ஸா பிளேடை எடுத்து, கிரைண்டரில் நுனியைத் தேய்த்து, கொஞ்சம் வளைத்து, பிடிக்கிற இடத்தில் டேப் சுற்றி அந்தத் தகட்டைச் செய்தேன். கதவிடுக்கில் விட்டு மேலே ஒரு நெம்பு நெம்பினால் நாக்கு விலகும். கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், கதவு திறந்துவிடும். அன்றைக்கு எனக்கு எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

பயம் இல்லையா என்றால், இல்லை. தொட்டால்தானே கரண்ட். தொடாதவனை அது ஒன்றும் செய்யாது. நாற்பது வருஷமாக நான் நம்பியது இதுதான். கொக்கு இதையே வேறு மாதிரி சொல்லுவான்.

"கரண்டும் மாமியாரும் ஒண்ணுதான் மச்சான். ரெண்டு அடி தள்ளி நின்னா ஒண்ணும் பண்ணாது."

"டேய், உன் மாமியாரு எனக்கு அம்மாடா."

"அதான் உங்ககிட்டயும் ரெண்டு அடி தள்ளியே நிக்கறேன்."

அன்றைக்குக் காலை பதினொன்றரை இருக்கும். இரண்டாவது லைனில் ஹீட்டர் சூடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் ரூமுக்குள் போனதுமே மூக்கில் ஏறியது, பேக்லைட் கருகுகிற நாற்றம். கொக்கு கதவில் கை வைத்துப் பார்த்தான்.

"சுடுது மச்சான். உள்ள ஏதோ போல்ட்டு லூசு. கேபிள் முனை காயுது."

நான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் அணைத்துக் கொடுங்கள், முறுக்கி விடுகிறோம் என்றேன்.

"இருபதுன்னு ஆரம்பிச்சு நாப்பதுல முடிப்பீங்க. பீப்பா இறுகினா நீங்களா சொரண்டுவீங்க? லைன நிறுத்தாதீங்க. பாத்து செய்ங்க."

பாத்து செய்ங்க. அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

தீப்பிடிக்காத கோட்டும் முகமூடியும் கம்பெனியில் இல்லாமல் இல்லை. ஒரு செட் இருந்தது. சூப்பர்வைசர் ரூமில், கண்ணாடி பீரோவுக்குள், வெளியே இருந்து ஆட்கள் சோதிக்க வரும்போது காட்டுவதற்கு. அது குள்ளமான ஆளுக்குத் தைத்தது. கொக்கு போட்டால் முழங்காலோடு நின்றுவிடும். அவன் போட்டிருந்தது கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. வழுவழு துணி.

கொக்கு தகட்டை விட்டு நெம்பினான். கதவு திறந்தது. டேப் சுற்றிய ஸ்பேனரை எடுத்தான். நான் டார்ச் அடித்தேன். முதல் போல்ட் சரி. இரண்டாவதில்தான் கோளாறு, கருத்துப் போயிருந்தது. வாஷரை மாற்ற வேண்டும் என்று போல்ட்டைக் கழற்றினான். அப்போது என் பாக்கெட்டில் போன் அடித்தது. அந்த ரூமுக்குள் பேசினால் ஒன்றும் காதில் விழாது. டார்ச்சை அவன் அக்குளில் இடுக்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"ஆச்சா?" என்றான் சூப்பர்வைசர்.

"இப்பத்தான சார் திறந்திருக்கோம்..."

லாரி டயர் காதுக்குள் வெடித்தது போல ஒரு சத்தம். வாசல் முழுக்க வெள்ளையாக ஒரு வெளிச்சம், முதுகில் சூடான அறை. திரும்பினால் புகை. மொத்தக் கட்டடமும் சத்தம் அடங்கிவிட்டது. கையில் இருந்த போனில் மட்டும் அவன் கத்திக்கொண்டிருந்தான். "ஹலோ, என்ன சத்தம்? லைன் நின்னுடுச்சா? ஹலோ!"

உள்ளே போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். வராந்தாவில், நல்ல வெயில் விழுகிற இடத்தில் போட்டேன். சட்டை தோலோடு ஒட்டிப் போயிருந்தது. எது துணி எது உடம்பு என்று தெரியவில்லை. முகம் எல்லாம் கருப்பு. அதில் புள்ளி புள்ளியாகச் செம்பு மினுங்கியது. வாயைத் திறந்தான்.

"மச்சான், லைட்டப் போடு."

அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு. அப்புறம் தொண்டையும் உள்ளே வெந்துவிட்டது என்று குழாய் போட்டுவிட்டார்கள்.

மூன்று லைனும் அன்றைக்கு நின்றன. ஐந்து நாள் சுரண்டினார்களாம்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே தங்கை நின்றுகொண்டிருப்பாள். உட்கார மாட்டாள். கொக்குக்குக் கண்ணில் கட்டு, இரண்டு கையிலும் கட்டு. நாலாம் நாள் அவள் என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, கம்பெனில இருந்து ஒருத்தர் வந்தாரு. இவரு சொந்தமா ஏதோ தகடு செஞ்சு கதவ நெம்பிட்டாருன்னு சொல்றாங்க. அப்படி எழுதிட்டா இனிமே வைத்தியம் அவங்க பாக்க மாட்டாங்களாம். தோல் ஒட்டுற ஆபரேஷன் இன்னும் மூணு இருக்குண்ணே."

"யாரு சொன்னது?"

"அதை விடு. நீ பக்கத்துலதான இருந்த? அவரு மேல பழி விழாம செய்யி. அவரால வாயத் திறக்க முடியல. உன் வாய்தான் அவருக்கும்."

"சரி" என்றேன். தகடு யாருடையது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனியில் கூப்பிட்டார்கள். டைம் ஆபீஸ் ரூமில் மேனேஜர், சூப்பர்வைசர், அப்புறம் விபத்தை விசாரிக்க வெளியூரிலிருந்து வந்த ஒரு சேப்டி அம்மா. தடித்த கண்ணாடி, கையில் நோட்டு. மேஜையில் பிளாஸ்டிக் கவருக்குள் என் தகடு. நுனி உருகி உருண்டையாகிவிட்டிருந்தது. பக்கத்தில் டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். முதல் வரியிலேயே 'ஊழியரின் கவனக்குறைவு' என்று இருந்தது.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போட்டுடுங்க, பெரியவரே" என்றார் மேனேஜர். "அடுத்த மாசம் உங்க காண்ட்ராக்டும் வருது. எல்லாத்தையும் ஒண்ணா முடிச்சிடலாம்."

நான் பேனாவைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் எடுத்தது, பொய் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டால் என் வேலை இருக்கும், தகட்டுக்கு வேறு ஆள் மாட்டியாகிவிட்டது, தங்கைக்கும் தெரியப் போவதில்லை. இத்தனையும் நினைத்தேன். அப்புறம் அந்தக் குழாய் ஞாபகம் வந்தது.

"இந்தத் தகடு அவன் செஞ்சது இல்ல. நான் செஞ்சது."

சூப்பர்வைசர் சிரித்தான். "மச்சானக் காப்பாத்தப் பாக்கறாரு சார்."

"உங்ககிட்ட நான் பேசலயே. அணைச்சுக் குடுங்கன்னு கேட்டதுக்கு லைன நிறுத்தாதீங்கன்னு சொன்னது நீங்க."

"நான் பாத்து செய்ங்கன்னுதானே சொன்னேன்! கண்ண மூடிக்கிட்டு செய்ங்கன்னா சொன்னேன்?"

"ஒரு ஆக்ஸா பிளேடு குடுங்கம்மா" என்றேன் அந்த அம்மாவிடம். "உங்க கண்ணு முன்னாடி செஞ்சு காட்டறேன்."

மேனேஜர் வேண்டாம் என்றார். அந்த அம்மா எழுந்துவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கிரைண்டரைப் போட்டேன். நுனியைத் தேய்த்து, சூட்டோடு வளைத்து, டேப் சுற்றினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மா புதுசையும் உருகினதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வளைவு ஒன்றுதான்.

"வாங்க, கரண்ட் ரூமுக்கு" என்றார். நான் தகட்டோடு கதவுப் பக்கம் போனதும் கையைக் குறுக்கே நீட்டினார். "நீங்க எதையும் திறக்க வேணாம்."

அவர் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவிடுக்காகப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எல்லா இடுக்கிலும் பெயின்ட் போய், இரும்பு பளபளவென்று தேய்ந்து கிடந்தது. பதினாலு கதவிலும்.

"இது ஒரு ஆளு ஒரு நாள்ல தேய்ச்சது இல்ல சார்" என்றார் மேனேஜரிடம். பிறகு வாசலில் நின்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் யார்கிட்ட இருக்கு?"

மெஷின் பழுது பார்க்கிற குண்டு பிட்டர் பின் பாக்கெட்டில் கை விட்டு ஒன்றை எடுத்துப் பேனல் மேல் வைத்தான். அடுத்து இரண்டாவது ஷிப்டுக்காரர் ஒன்று வைத்தார். என்னுடையதைப் பார்த்துச் செய்ததுதான், அதைவிட நன்றாக இருந்தது. ஒருத்தன் பச்சை டேப் சுற்றியிருந்தான். ஐந்து தகடு சேர்ந்தன.

"எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு நடிக்கறாங்க மேடம்" என்றான் சூப்பர்வைசர். குரல் இறங்கிப் போயிருந்தது.

அந்த அம்மா என் போனை வாங்கி சூப்பர்வைசர் எனக்குப் போன் போட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டார். கரண்ட் அறுந்த நேரமும் அதுவும் ஒரே நிமிஷம்.

அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டேன். "அவன் எதையும் தொடலம்மா. டேப் சுத்தின ஸ்பேனர். அப்புறம் எப்படி?"

"வாஷர் ஒண்ணு கீழ விழுந்திருக்கு. ரெண்டு செம்புப் பட்டைக்கு நடுவுல. அது ரெண்டையும் சேத்ததும், கரண்ட் காத்துலயே பாய ஆரம்பிச்சிடும். செம்பு உருகறது இல்லங்க, ஆவியாகிடும். சூரியன் மேல இருக்கற சூட்டை விட அதிகம். தொடணும்னு அவசியமே இல்ல. அவர் ரெண்டு அடி தள்ளி நின்னிருந்தாலும் வெந்திருப்பாரு."

நாற்பது வருஷம் அதன் முன்னால் மார்பைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

காகிதத்தை மாற்றினார்கள். கவனக்குறைவு என்ற வரி போய், 'நீண்ட நாள் தவறான வழக்கம், மேற்பார்வைக் குறை' என்று வந்தது. கொக்குவின் வைத்தியம் முடிகிற வரைக்கும் கம்பெனி பொறுப்பு. வழக்கத்தை ஆரம்பித்தவன் என்று என் பெயர் அதில் இருந்தது. மாசக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை. சூப்பர்வைசரை வேறு ஊரில் இதே கம்பெனிக்கு இருக்கும் பெரிய கிளைக்கு மாற்றினார்கள். அங்கே ஆறு லைனாம்.

தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன். யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்றுதான். அவள் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ செஞ்சதா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு என்கிட்ட சரின்னு சொன்னப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. காலையில்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார், இடது கண் போய்விட்டது, வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியலாம் என்று. அதை எனக்குச் சொன்னாள். ஏதோ அடுத்த வீட்டுக்காரனிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"ஆபரேஷனுக்குக் குறை வைக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. எழுதி வாங்கியாச்சு."

"அது போதும். நீ கொஞ்ச நாள் வராதண்ணே. உன் குரல் கேட்டா அவரு தலையத் திருப்பித் தேடறாரு. என்னால அதப் பாக்க முடியல."

சரி என்று வந்துவிட்டேன். இந்தத் தடவை எதையும் மறைத்துக்கொண்டு சொன்ன சரி இல்லை.

மாசக் கடைசியில் அந்த அம்மா எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். நீங்களும் வந்து நடந்ததைச் சொல்லுங்கள் என்று எனக்கு ஆள் விட்டார். சாப்பாட்டு ஹாலில் பெஞ்சைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். சுவர் எல்லாம் புது போஸ்டர். நாலு புதுக் கோட்டு வந்திருந்தது, ஒன்று நெட்டையான ஆளுக்கு. இப்போது யாருக்கு அது? பேனல் கதவுகளுக்குப் புது நாக்கு, தகடு நுழையாத இடுக்கு. ஸ்விட்சை அணைத்துவிட்டு அவனவன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டையில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். சொல்வது எல்லாம் சரிதான். தப்பு என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

நான் எழுந்து நான்கு வாக்கியம் பேசினேன். தகடு செய்தது நான், அவன் எதையும் தொடவில்லை, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, லைட்டைப் போடு என்றான். பெஞ்சில் ஒருத்தன் தலையைக் கீழே போட்டுக்கொண்டான். உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் புதுசாக வந்த சூப்பர்வைசர் கதவுப் பக்கம் தலையை நீட்டினான். தணிந்த குரலில், "மேடம், மூணாவது லைன்ல ஹீட்டர் டிரிப் ஆகி நின்னு நின்னு போகுது. ஒரு பிட்டர் கிடைச்சா..." என்றான்.

ஹாலில் எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தோம்.

"லைன நிறுத்துங்க. பூட்டுப் போடுங்க. அப்புறம் பிட்டர் வருவாரு."

அவன் ஒரு நொடி நின்றான். மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது லைனின் இரைச்சல் மெல்லத் தேய்ந்து அடங்கியது. ஆட்கள் கை தட்டினார்கள். குண்டு பிட்டர் என் பக்கம் திரும்பி, "பாத்தியாண்ணே, நிறுத்திட்டாங்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

நான் எழுந்து வெளியே வந்தேன். வராந்தா முனையில் அந்த அம்மா வேகமாகப் பின்னாலேயே வந்தார்.

"ஏங்க கிளம்பிட்டீங்க? நிறுத்தினத நீங்களே கேட்டீங்கல்ல. இன்னும் நம்பிக்கை வரலயா?"

"நீங்க என்னிக்கு வரைக்கும் இங்க இருப்பீங்கம்மா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"சனிக்கிழமை யாரு நிறுத்துவா?"

"ரூல் எழுதி வெச்சிருக்கோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"நாங்களும் நிறையக் கையெழுத்துப் போட்டவங்கதாம்மா."

நல்ல அம்மாதான், அவர் இல்லாவிட்டால் கொக்குவின் மேல் பழி எழுதியிருப்பார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து நம்புகிறேன் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, கேட்டைத் தாண்டி, பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.